கிரேட் டிக்டேட்டரா, ரபி ஜேக்கப்பா? ஒரு திரையிடலுக்கான தேர்வு

நாஜி காலத்தைப் பற்றிய அழுகைப் படங்களை நம்மூர்த் திரைப்பட வட்டங்கள் நிறையவே போட்டுவிட்டன. இந்த முறை நகைச்சுவை போடலாம், யூதர் மீதான வெறுப்பையும் அந்த வெறுப்பு செய்துவைத்த பொம்மை யூதனையும் நேருக்கு நேர் கேலி செய்யும் படமாக இருக்கட்டும் என்று ஒரு வட்டம் முடிவெடுத்தால், மறுநொடியே ஒருவர் சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' என்பார். இன்னொருவர் 'போராட்' என்பார். கல்லூரிப் பிள்ளைகள் 'ஜோஜோ ராபிட்' கேட்பார்கள். அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களுக்கு எந்த ஊரிலும் ஒரு ரசிகர் உண்டு, அவர் விடமாட்டார். கையில் இருப்பதோ ஒரு மாலை, ஒரு படம், பிறகு அரை மணி நேரப் பேச்சு.

படங்களின் தரத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. பட்டியலில் மோசமான படம் ஒன்றுகூட இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்பதை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். நம் அரங்கில் வந்து உட்காருபவர்களில் அநேகம் பேர் ஒரு யூதரைக்கூடச் சந்தித்திருக்கமாட்டார்கள். சென்னை மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறது. பவள வணிகம் செய்த யூதர்களால் வந்த பெயர் அது. லாயிட்ஸ் சாலையில் அவர்களுடைய சின்னஞ்சிறு கல்லறைத் தோட்டமும் உண்டு. தினமும் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கே இது தெரியாது. ஆனால் யூதரைப் பற்றிய படிமங்கள் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டன. கந்துவட்டிக்காரர் என்றால் ஷேக்ஸ்பியரின் ஷைலாக். காட்டிக்கொடுப்பவன் என்றால் யூதாஸ். கண்டிப்பான தலைமையாசிரியர் ஹிட்லர், அந்தப் பட்டப்பெயரில் கொஞ்சம் மரியாதைகூட ஒட்டியிருக்கும். ஹிட்லரின் சுயசரிதை நம் புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் சாதாரணமாக விற்கிறது. ஆளைத் தெரியாது, பழி மட்டும் தெரியும்; அது பழி என்பதும் தெரியாது.

ஒரு படிமத்தைக் கிழிக்கும் படம், பார்ப்பவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று நம்பித்தான் எடுக்கப்படுகிறது. தெரியாத கூட்டத்தின் முன்னால் அதே படம் முதலில் அந்தப் படிமத்தைக் கற்றுக்கொடுக்கும். கிழிப்பது அதற்குப் பிறகுதான். சில சமயம் கிழியாமலே படம் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது 'போராட்' (2006). கஜகஸ்தான் தொலைக்காட்சி நிருபர் என்று சொல்லிக்கொண்டு அமெரிக்கா முழுக்க அலையும் ஒரு முட்டாளாக சாஷா பாரன் கோஹன் நடித்தார். அவர் யூதர், சமய ஒழுக்கம் பேணும் குடும்பத்தில் வளர்ந்தவர். போராட்டின் ஊரில் 'யூத ஓட்டம்' என்றொரு திருவிழா. கொம்பு முளைத்த பெருந்தலைப் பொம்மை தெருவில் ஓட, சனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு முதிய யூதத் தம்பதியின் விடுதியில் தங்க நேரும்போது, இரவில் அறைக்குள் வரும் கரப்பான்பூச்சிகளை உருமாறி வந்த அந்தத் தம்பதி என்றே நம்பி, அவற்றின் மேல் டாலர் நோட்டுகளை விட்டெறிந்துவிட்டு ஓடுகிறான். கொம்பு, பணவெறி, உருமாறும் பேய்த்தனம் என ஐரோப்பா நூற்றாண்டுகளாகச் சுமந்த பழிகள் அத்தனையையும் ஊதிப் பெரிதாக்கி, நம்புகிறவனைக் கோமாளியாக்கும் வேலை இது. இது நடிப்பு என்று தெரியாமல் எதிரில் இருக்கும் நிஜ மனிதர்கள் மறுத்துப் பேசாமல் தலையாட்டுவது இன்னும் கூர்மையானது. 2004இல் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அரிசோனாவின் டூசான் நகர மதுக்கூடம் ஒன்றில், யூதனைக் கிணற்றில் தள்ளச் சொல்லும் பாட்டை அவர் போராட்டாகப் பாடினார். கூட்டமும் சேர்ந்து பாடியது.

போராட் 'கசாக் மொழி' என்று பேசுவதில் பெரும்பகுதி ஹீப்ரு. யூதரை வெறுப்பவன் வாயில் யூதரின் மொழி! படத்தின் ஆகப்பெரிய நகைச்சுவை இதுதான், நம் அரங்கில் ஒருவருக்கும் எட்டாத நகைச்சுவையும் இதுதான். அது போய்விட்டால் மிஞ்சுவது கொம்பு வைத்த பொம்மை. யூத வெறுப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான ஏடிஎல் படம் வந்தபோதே இதுபற்றிக் கவலை தெரிவித்தது. அமெரிக்காவிலேயே அந்த நிலை என்றால் இங்கே கேட்க வேண்டாம். எனக்கு வேறொரு உறுத்தலும் உண்டு. போராட்டின் 'ஊர்' உண்மையில் ருமேனியாவின் குளோட் கிராமம், ஏழை ரோமா மக்கள் வாழும் இடம். ஒரு சிறுபான்மை மீதான பழியைக் கேலி செய்ய இன்னொரு சிறுபான்மையைக் காட்சிப்பொருளாக நிறுத்தியிருக்கிறார்கள். படத்திலுள்ள நிர்வாணக் காட்சிகளைக் கல்லூரி அரங்கில் போட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று செய்யலாம். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் போராட் நீண்ட மூக்கு, கூர்நகம், பணமூட்டை சகிதம் கார்ட்டூன் யூதனாக வேடமிட்டு ஒரு ஜெப ஆலயத்துக்குள் நுழைகிறான். நாஜிப் படுகொலையில் உயிர்தப்பிய முதிய பெண்மணி ஒருவர் அந்த வேடத்தைப் பார்த்து மிரளாமல் அவனைக் கட்டியணைக்கிறார். மற்றவர்களை ஏமாற்றிய படக்குழு அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. அந்தக் காட்சியை மட்டும் பேச்சு நேரத்தில் துண்டாகக் காட்டலாம்.

சாப்ளினுக்கு வருவோம். 1940 அக்டோபரில், அமெரிக்கா இன்னும் போரில் இறங்காதபோது, ஹிட்லரைக் கோமாளியாக்கித் திரையில் நிறுத்தத் துணிச்சல் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. சாப்ளின் யூதர் அல்லர். நாஜிகள்தான் அவரை யூதர் என்று அச்சிட்டுப் பரப்பினார்கள். மறுத்தால் அது வெறுப்பவர்களுக்கே உதவும் என்று சொல்லி அவர் மறுக்காமல் இருந்தார். படத்தில் அவருக்கு இரண்டு வேடம்: சர்வாதிகாரி ஹிங்கல், யூதச் சேரியின் முடிதிருத்துபவர். உலக உருண்டையைப் பலூனாகத் தட்டி விளையாடும் காட்சியைப் பாராத சினிமா ரசிகர் இல்லை.

பிரச்சினையும் அங்கேதான். எல்லாரும் பார்த்த படம், எல்லாரும் ஹிங்கலுக்காகப் பார்த்த படம். முடிதிருத்துபவர் எவ்வளவு அன்பானவர் என்றாலும், அவர் யூதராக இருப்பதால் படத்தில் என்ன இருக்கிறது? சேரியும், சுவரில் எழுதப்படும் வசையும், அடியும். அதாவது மற்றவர்கள் அவருக்குச் செய்வது மட்டுமே. கடைசி உரை இன்று இணையத்தில் ஊக்கவுரைத் துண்டாகச் சுற்றுகிறது. அதைக் கைதட்டிக் கேட்டுவிட்டு எழுந்துபோகிறவர் ஷைலாக் பற்றித் தன் மனத்திலிருப்பதைத் தொட்டுப்பார்க்க வேண்டிய அவசியமே வராது. வதைமுகாம்களின் உண்மைக் கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964இல் வந்த தன்வரலாற்றில் சாப்ளினே எழுதினார். ஹிட்லரைப் பற்றிய மாலை என்றால் இதைப் போடுங்கள். யூதரைப் பற்றிய மாலைக்கு இது போதாது.

ஷைலாக்கை நேராகத் தொடும் படம் ஒன்று இருக்கிறது: எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் 'டு பி ஆர் நாட் டு பி' (1942). லூபிட்ஷ் பெர்லின் யூதர். இளவயதில் ஊமைப்படங்களில் தந்திரக்கார யூதக் கடைப்பையனாக நடித்துச் சிரிக்கவைத்தவர். அந்தப் படங்களே படிமத்துக்குத் தீனி போட்டன என்று பிற்பாடு பேசியவர்களும் உண்டு. 1922இல் ஹாலிவுட் போனார். 1935இல் நாஜி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1940இல் வெளியான 'டெர் எவிகே யூடே' என்ற வெறுப்புப் பிரசாரப் படத்தில் யூதக் கெடுதலுக்கு உதாரணமாக லூபிட்ஷின் முகத்தையும் சாப்ளினின் முகத்தையும் காட்டினார்கள். தன் முகத்தை அப்படிப் பயன்படுத்தியவர்களுக்கு அவர் இரண்டு ஆண்டில் திருப்பிக்கொடுத்ததுதான் இந்தப் படம்.

வார்ஸாவில் ஒரு நாடகக்குழு, நாஜிகளை நடிப்பால் ஏமாற்றுகிறது. குழுவில் கிரீன்பெர்க் என்றொரு சில்லறை நடிகர், மேடையில் ஈட்டி பிடித்து நிற்பதே அவர் வேலை. ஒருநாளாவது ஷைலாக்காக நடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்களுக்குக் கண் இல்லையா, குத்தினால் இரத்தம் வராதா என்ற அந்த வசனத்தைப் படத்தில் மூன்று முறை சொல்கிறார். முதல்முறை மேடைக்குப் பின்னால், கனவாக. இரண்டாம் முறை குண்டு விழுந்த நகரில், பனியை வாரிக்கொண்டு. மூன்றாம் முறை நாஜிச் சிப்பாய்கள் சூழ நிற்க, அவர்களை ஏமாற்றும் நாடகத்தின் பகுதியாக. ஷேக்ஸ்பியர் எழுதியதில் 'யூதன்' என்றிருப்பதைப் படத்தில் எடுத்துவிட்டார்கள். படம் முழுக்கவே அந்தச் சொல் வராது. நடித்த பெலிக்ஸ் பிரெஸார்ட் 1933இல் ஜெர்மனியை விட்டு ஓடிவந்த யூதர். பள்ளியில் 'வெனிஸ் வணிகன்' படித்து ஷைலாக்கை வில்லன் என்று குறித்துக்கொண்ட நம் தலைமுறைகளுக்கு இதைவிட நல்ல பதில் சினிமாவில் இல்லை.

ஆனாலும் இதை முதல் தேர்வாகச் சொல்லத் தயங்குகிறேன். வசனம் மின்னலாகப் போகும். சப்டைட்டிலைத் துரத்துவதிலேயே பாதிச் சிரிப்பு நழுவும். யார் உண்மையான நாஜி, யார் வேடம் என்று பிடிபடவே நேரமாகும். நாயகன் ஜாக் பென்னியின் சொந்தத் தந்தையே, மகன் நாஜிச் சீருடையில் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டாராம். பிறகு விளக்கிச் சொல்லி அழைத்துவந்ததும் திரும்பத் திரும்பப் பார்த்தார் என்று பென்னி சொல்லியிருக்கிறார். ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் கூடும் அரங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுங்கள்.

மெல் புரூக்ஸின் 'தி புரொட்யூசர்ஸ்' (1967) பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தோல்வியடைய வேண்டும் என்றே ஹிட்லரைப் புகழும் இசைநாடகம் போட்டுக் காசு சுருட்டப் பார்க்கும் இரண்டு பேர், நாடகம் ஓடித்தொலைக்கிறது. திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. புரூக்ஸ் யூதர், இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட சிப்பாய், ஹிட்லரை ஆட்டக்காரிகளுக்கு நடுவில் நிறுத்திப் பழிதீர்க்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பணத்துக்காகக் கிழவிகளை ஏய்க்கும் பியாலிஸ்டாக் என்ற நாயகன், பணவெறி பிடித்த யூதன் என்ற அதே படிமத்தைச் செல்லமாக அணிந்துகொண்டு வருகிறான். நியூயார்க்கில் அது வீட்டுக்குள் அடிக்கும் கேலி. வெளியூரில் அது ஆதாரமாகிவிடும்.

'ஜோஜோ ராபிட்' (2019) என் கணக்குக்கு உண்மையான சவால் விடும் படம். பத்து வயது நாஜிச் சிறுவன். அவனுக்குக் கற்பனைத் தோழன் ஹிட்லர். வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒரு யூதப்பெண் ஒளிந்திருக்கிறாள். யூதர்கள் பற்றிச் சிறுவன் படம் வரைந்து ஒரு புத்தகம் தயாரிக்கிறான், கொம்பும் சிறகுமாக. அவளும் சலிக்காமல் அவனுக்குப் புளுகு அவிழ்த்துவிடுகிறாள். நம் அரங்குக்குத் தெரியாத படிமங்களை ஒரு குழந்தையின் கிறுக்கலாகவே அறிமுகப்படுத்தி, அங்கேயே கேலிக்கூத்தாக்குகிறது. தாய்வழியில் யூதரும் தந்தைவழியில் மாவோரியுமான டைக்கா வைட்டிட்டி தானே ஹிட்லராக நடித்தது வேறு ஒரு குறும்பு. தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கரும் வாங்கினார். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் போடுவேன். பெரியவர்களுக்குப் போடத் தோன்றாததற்குக் காரணம், சிறுவன் திருந்துவது அந்தப் பெண் அழகாகவும் துணிச்சலாகவும் இருப்பதால்தான். அழகில்லாத, சிடுசிடுப்பான ஒரு யூதக் கிழவர் சுவருக்குப் பின்னால் இருந்திருந்தால்? ஹிட்லர் பட்டப்பெயராகிவிட்ட ஊரில் கொஞ்சிக் குழைகிற ஹிட்லரைக் காட்டுவதிலும் எனக்கு அத்தனை உற்சாகமில்லை.

நல்லெண்ணத்தால் கெட்ட படம் ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. ஹியூகோ பெட்டாவர் 1922இல் எழுதிய நாவலிலிருந்து 1924இல் ஆஸ்திரியாவில் எடுத்த ஊமைப்படம், 'யூதர்கள் இல்லாத நகரம்'. யூதர்களை வெளியேற்றிய நகரம் வியாபாரம் படுத்து, பணமதிப்பு சரிந்து, கடைசியில் அவர்களைத் திரும்ப அழைக்கிறது. பெட்டாவரை 1925இல் ஒரு நாஜி இளைஞன் சுட்டான், காயத்தாலேயே இறந்தார். 2015இல் பாரிஸ் பழம்பொருள் சந்தையில் கிடைத்த பிரதியைக்கொண்டு படத்தை மீட்டார்கள். வரலாற்றுக்காகப் பார்க்கவேண்டியது. ஆனால் யூதரை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அது தரும் முக்கியமான காரணம், அவர்கள் போனால் காசு போய்விடும் என்பது. பழியைத் தலைகீழாகத் திருப்பினாலும் அது அதே பழிதான்.

கோயன் சகோதரர்களின் 'எ சீரியஸ் மேன்' (2009) இந்தப் பட்டியலில் எனக்கு மிகப்பிடித்த படம், முதல் திரையிடலுக்குச் சற்றும் பொருந்தாத படமும் கூட. 1967, மின்னசோட்டா புறநகர், இயற்பியல் பேராசிரியர் லாரி கோப்னிக். மனைவி பிரிகிறாள், வேலை ஆடுகிறது, காரணம் கேட்டு, யூத மதகுருக்களான ரபிகளிடம் ஒருவர் மாற்றி ஒருவராகப் போகிறார். யூத வெறுப்பு ஓரத்தில் மட்டும் தலைகாட்டும். யூதராக இருப்பது என்றால் என்ன என்று யூதர்களே குழம்பும் படம் இது. முதல் மாலைக்கு வந்தவர்களில் திரும்பி வருகிறவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு 1973இல் வந்த பிரெஞ்சுப் படம், 'தி மேட் அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ரபி ஜேக்கப்'. பிரான்ஸில் 70 லட்சம் பேருக்கு மேல் பார்த்தது. இயக்குநர் ஜெரார் ஊரி யூதர். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்ஸை விட்டு வெளியேற வேண்டியிருந்தவர். லூயி த ஃபியூனெஸ் நடித்த விக்டர் பிவேர் ஒரு தொழிலதிபர், மகளின் கல்யாணத்துக்கு அவசரமாகக் காரில் போகிறவர், தன்னைப் போன்ற பிரெஞ்சுக்காரனைத் தவிர யாரையும் பிடிக்காதவர். வழியில் தன் ஓட்டுநர் சாலமோன் யூதர் என்று முதன்முறையாகத் தெரிந்துகொள்கிறார். நீ யூதனா என்று அதிர்ந்துபோய்க் கேட்கிறார். மாமா ரபி என்கிறார் சாலமோன். மாமாவுமா யூதர் என்று மறுபடியும் அதிர்ச்சி. கடைசியில் பெருந்தன்மையாக, பரவாயில்லை, இருந்தாலும் உன்னை வேலையில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

இந்த வசனத்துக்கு நம் அரங்கில் விளக்கம் தேவையே இல்லை. ஓட்டுநரோ சமையல்காரரோ இன்ன சாதி என்று பல ஆண்டு கழித்துத் தெரியவந்த முதலாளியின் முகத்தை நாம் அறிவோம். அந்த 'பரவாயில்லை'யின் நாற்றத்தையும் அறிவோம். யூதரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் பிவேரை உடனே அடையாளம் கண்டுகொள்வார். சிறிது நேரத்தில் கார் ஏரியில் கவிழ்கிறது. வெள்ளி அந்தி சாய்ந்துவிட்டது, யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிட்டது, வேலை செய்யமாட்டேன் என்கிறார் சாலமோன். வேலை போகிறது.

பிறகு நடப்பதுதான் இந்தப் படத்தின் மேதைமை. கடத்தப்பட்ட அரபுப் புரட்சித் தலைவர் ஸ்லிமானுடன் சிக்கிக்கொண்டு ஓடும் பிவேர், விமான நிலையத்தில் இரண்டு யூத சமயவாதிகளின் தாடியையும் தொப்பியையும் கறுப்பு அங்கியையும் திருடி அணிகிறார். நியூயார்க்கிலிருந்து வரும் ரபி ஜேக்கப் என்று நினைத்துப் பாரிஸின் ரோஸியே தெரு யூதர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். தாடி, கிருதாச் சுருள், அகலத் தொப்பி என்று வெறுப்புச் சித்திரக்காரர்கள் வரைந்து தள்ளிய அதே உருவத்தை, வெறுப்பவன் உடம்பிலேயே மாட்டிவிட்டார் ஊரி. அந்த உடையில் அவர் ஆடவேண்டியிருக்கிறது, ஆசி வழங்கவேண்டியிருக்கிறது. படிமம் வெறும் உடை என்பது வசனமில்லாமலே புரியும். த ஃபியூனெஸின் உடம்பு ஒரு நொடி சும்மா இருக்காது. வடிவேலுவின் உடம்பைப் பார்த்துச் சிரித்துப் பழகிய கூட்டத்துக்குச் சப்டைட்டில் பாதி போதும். இந்தப் படத்தில் யூதர்கள் சாப்பிடுகிறார்கள், பாடுகிறார்கள், விருந்தாளியைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். பட்டியலில் வேறெந்தப் படமும் அவர்களை இவ்வளவு உயிரோடு காட்டவில்லை.

உண்மையான ரபி ஜேக்கப்பாக வருபவர் மார்செல் டாலியோ என்ற யூத நடிகர். பிரான்ஸை நாஜிகள் பிடித்தபோது 'மாதிரி யூத முகம்' என்று அவருடைய படத்தைச் சுவரொட்டியில் ஒட்டினார்கள். அவர் தப்பித்து ஹாலிவுட் போனார்; பெற்றோர் வதைமுகாமில் இறந்தார்கள். அதே முகம் 1973இல் ரபியாகப் பாரிஸில் வந்து இறங்குகிறது. இதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

குறைகள் இருக்கின்றன. ஸ்லிமானாக நடித்த குளோது ஜிரோ பிரெஞ்சுக்காரர். துரத்திவரும் அரபு வில்லன்கள் வெறும் கார்ட்டூன்கள். ஒரு படிமத்தை உடைத்த கை இன்னொன்றை வார்த்துவிட்டது. சாலமோனும் ஸ்லிமானும் தூரத்து உறவினர்கள் என்று சொல்லிக் கைகுலுக்கும் சமரசம் மிகச் சுலபமாக வந்துவிடுகிறது. படம் வெளியான நாள் 1973 அக்டோபர் 18, இஸ்ரேலுக்கும் எகிப்து, சிரியாவுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. படத்தைத் தடுக்கச் சொல்லி, அதன் விளம்பரப் பொறுப்பாளரின் மனைவியே அன்று ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்றைக் கடத்தினார். மார்செய் விமான நிலையத்தில் போலீஸார் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

இன்று இந்தத் தலைப்பில் எந்தப் படத்தைப் போட்டாலும் காஸா பற்றிய கேள்வி எழும். எழட்டும். ஒரு அரசின் செயலும் ஒரு மக்களின் மீதான பழியும் வேறுவேறு என்பதைப் பேச, அரபு மனிதர் ஒருவரையும் யூதர் ஒருவரையும் ஒரே காட்சியில் நிறுத்தும் படம் வசதியானது. அந்தக் கைகுலுக்கல் ஏன் பொய்யாகத் தோன்றுகிறது என்று யாராவது கேட்டால் பேச்சு நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

படத்துக்கு முன் பத்து நிமிடம் போதும். ஓய்வுநாள் என்றால் என்ன, ரபி என்றால் யார், 1942 ஜூலையில் பாரிஸில் பிரெஞ்சுப் போலீஸாரே ஏறக்குறைய 13,000 யூதர்களைப் பிடித்துக்கொடுத்தது எப்படி, இந்த மூன்றையும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடலாம். பொதுத் திரையிடலுக்கான அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அது கிடைக்காமல் போனால் லூபிட்ஷ் படத்தைப் போடுங்கள், ஷைலாக்கின் வசனத்தை மட்டும் தமிழில் அச்சிட்டு வாசலிலேயே எல்லார் கையிலும் கொடுத்துவிட்டு.